சான்றளிக்கப்பட்ட சாயங்காலங்கள்

நல்லாம்பட்டறையில் வருமான வரியைச் சாயங்காலமாகப் பிடித்தார்கள். சம்பளக்காரர் ஒருவருக்கு மாதத்தில் கிடைக்கும் சாயங்காலங்களில் மூன்றில் ஒரு பங்கு, சம்பளம் போடும் இடத்திலேயே கழிக்கப்பட்டுவிடும். மீதி, தொழில் வரி, கூடுதல் வரி என்று போய்விடும். பிடித்தம் செய்யப்பட்ட நாளில் மணி நாலரை ஆனதும் ஒருமுறை கண் சிமிட்ட வேண்டியதுதான். திறந்து பார்த்தால் இராச் சாப்பாடு முடிந்து முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருப்போம். என்ன குழம்பு என்பதைப் பல்லிடுக்கை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து அரசர்கள் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. அந்த அரசர்களுக்குத் தெருவிளக்குச் செலவு கிடையாது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

வேளாண் விற்பனைக் கூடத்தில் உதவியாளராக இருந்த தணிகாசலம் இதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன சாயங்காலத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்று குழம்பி, பேசாமல் இருந்துவிடுவார். மகள் நித்திலாவுக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில்தான் சேமிப்பு முகவர் அருள்ராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு விஷயத்தை விளக்கினார்.

"சார், கவர்மெண்டுக்குப் போன சாயங்காலம் போனதுதான். திரும்பி வராது. அதையே பாப்பா பேர்ல கல்விக் கதிர் திட்டத்துல போட்டீங்கன்னு வைங்க, அந்தக் கணக்குக்கு வரி கிடையாது. பாப்பா காலேஜ் போறப்ப வட்டியோட கையில வரும். வர்றப்பவும் வரி கிடையாது."

"ரெண்டு வழியிலயும் எனக்குச் சாயங்காலம் இருக்காதே?" என்றார் தணிகாசலம்.

"உங்களுக்கு எதுக்கு சார் சாயங்காலம்?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். கூடத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த மனைவி வசுமதியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் முறத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். இருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

திட்டம் நல்ல திட்டம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நல்லாம்பட்டறையில் கல்லூரி இல்லை. பிள்ளைகள் பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்தில் போய் வர வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பும் கல்லூரிப் பேருந்து, சாயங்காலத்தை முழுதாகத் தின்றுவிட்டுத்தான் ஊர் எல்லைக்குள் நுழையும். ஆகவே, பெற்றவர்கள் சேர்த்துவைத்த சாயங்காலம் கைவசம் இல்லாத பிள்ளை படிப்பதற்கு நேரமே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் எதுவும் சேர்க்கவில்லை. அவருடைய பையன் முதலாண்டிலேயே தவறி, இப்போது ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்துக்கொண்டிருந்தான்.

முறைப்படி பார்த்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டாக, நல்ல சாயங்காலமாகத் தேர்ந்து வருஷம் முழுக்கச் சேர்க்க வேண்டும். மழை விட்ட சாயங்காலம், பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வரும் சாயங்காலம் என்று திட்டத்தின் விளம்பரப் பலகையிலேயே படம் போட்டிருந்தது. ஆனால் சம்பளக்காரர்களுக்கு வரி என்பது மார்ச் மாதத்தில் வரும் ஒரு நினைவு. கணக்குப் பிரிவில் கூப்பிட்டு, "ஆதாரம் கொண்டு வரலேன்னா அடுத்த மாசம் மொத்தமாப் பிடிச்சிடுவோம்" என்று சொல்லும் வரை ஒருவரும் அசையமாட்டார்கள். சொன்ன பிறகு, முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல், ஊரே அஞ்சலகத்தில் வரிசை கட்டும்.

ஒரே நாளில் ஒரு வருஷத்துச் சாயங்காலங்களை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கும் வழி இருந்தது. சான்றளிக்கப்பட்ட நகல் மூலத்துக்குச் சமம் என்பது பழைய விதி. அஞ்சலகத்துக்குப் பின்னாலிருந்த ஜெராக்ஸ் கடையில் அன்றைய சாயங்காலத்தைக் கண்ணாடியின் மேல் குப்புறப் போட்டு, வேண்டிய அளவு நகல் எடுத்துத் தருவார்கள். அதை அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனால், ஊரில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பதால், சினைப் பசுவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு நகலிலும் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுப்பார். ஒப்பிட்டுப் பார்க்க மூலம் அவர் முன் இருக்காது. அது இன்னும் நடந்துகொண்டிருக்கும். நடந்து முடியாத சாயங்காலத்தை நகலெடுப்பது எப்படிச் செல்லும் என்று வெளியூர்த் தணிக்கையாளர் ஒருவர் ஒருமுறை கேட்டார். வரிசையில் நிற்பதைத் தவிர அதில் வேறெதுவும் நடக்கப்போவதில்லை என்று அவருக்கு விளக்கம் தரப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

நகல் ஒவ்வொன்றுக்கும் ஈடாக, கட்டியவருக்கு அடுத்த ஆண்டில் ஒரு சாயங்காலம் கழிந்துவிடும். அப்படியானால் அந்தச் சாயங்காலத்தையே நேரடியாகக் கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் மார்ச் மாத வரிசையில் நின்றதில்லை என்று அர்த்தம்.

இப்படியாகத் தணிகாசலம் வருஷா வருஷம் கட்டி வந்தார். நாலரை மணிக்குச் சிமிட்டுவார், கை கழுவுவார். நித்திலா வளர்ந்ததை அவர் காலை வேளைகளில் பார்த்தார். காலையில் எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டோ எதையோ தேடிக்கொண்டோ இருக்கும். தன் மகள் அழுதுகொண்டே எதையோ தேடும் சுபாவக்காரி என்று அவர் வெகுகாலம் நினைத்திருந்தார்.

நித்திலா இயன்முறை மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். முதலாண்டில் உடற்கூறியல் தேறாதவர்களுக்கு அந்தக் கல்லூரி இரண்டாம் ஆண்டைக் கொடுப்பதில்லை. மனித உடம்பிலுள்ள எலும்புகள் எல்லாவற்றையும், எது எதோடு சேருகிறது என்பதையும் ஒரு வருஷத்துக்குள் தலையில் ஏற்ற வேண்டும். "நம்மகிட்டதான் சாயங்காலம் இருக்கே" என்று வசுமதி தைரியமாக இருந்தாள். திட்டம் முதிர்ந்தது. தபால்காரர் சணல் கயிற்றால் கட்டிய உறைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றின் மூலையிலும் பச்சை மை.

அன்றிரவே நித்திலா பேருந்திலிருந்து இறங்கி வந்து, பின்னறையில் உட்கார்ந்து முதல் உறையைக் கிழித்தாள். அறையின் மூலையில் வெயில் சாய்ந்தது. பீரோ இருந்த இடத்தில் அஞ்சலகத்தின் வாசல் வந்தது. கம்பிக் கதவிலிருந்து வேப்பமரம் வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில், கர்ச்சீப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு கத்தை நகலோடு, அவளுடைய அப்பா முப்பத்து நான்கு வயதில் நின்றிருந்தார். நித்திலா கோந்து டப்பா வைத்திருந்த மேஜையோரம் ஒதுங்கி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் சஃபாரி சட்டை போட்ட ஒருவர் வந்து வரிசையின் நடுவில் நுழைந்தார். சத்தம் ஆரம்பமாயிற்று. சாயங்காலம் மடங்கும் வரை அது ஓயவில்லை.

மறுநாள் அடுத்த உறை. அதே வேப்பமரம், அதே சஃபாரி, அதே சத்தம். வேறொரு கட்டிலிருந்து உருவிப் பார்த்தாள். அப்பாவுக்கு மீசை வந்திருந்தது. சஃபாரிக்காரர் கொஞ்சம் பருத்திருந்தார். சத்தம் மட்டும் மாறவில்லை. அவர் வருஷா வருஷம் வந்திருக்கிறார். வருஷா வருஷம் அதே இடத்தில் நுழைந்திருக்கிறார்.

"அப்பா, நீங்க சண்டையெல்லாம் போடுவீங்களா?" என்று அவள் கேட்டபோது தணிகாசலம் கை கழுவி முடித்துத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நானா? யார்கிட்ட?"

"க்யூல பூந்த ஆள்கிட்ட. 'ஏன் சார், நாங்கல்லாம் இங்க வெயில்ல வத்தல் காயப் போடவா நிக்கறோம்'னு கேக்கறீங்க. அப்புறம் அவரோட மாமனாரைப் பத்தி ஒண்ணு சொல்றீங்க."

"என்ன சொன்னேன்?"

"அதை நான் சொல்லமாட்டேன்."

வசுமதி தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். "இவரா? இந்த வீட்ல உப்பு இல்லேன்னாக்கூடச் சொல்லாத மனுஷன். அங்க போய் இவ்வளவு பேசியிருக்கார்."

தணிகாசலத்துக்கு ஒன்றும் நினைவில்லை. அந்தச் சாயங்காலங்களைத்தான் அவர் கட்டிவிட்டாரே. தான் கோபக்காரன் என்பது இவ்வளவு வயதுக்கு மேல் தெரிய வந்ததில் அவர் மிகவும் குழம்பினார். "இதுல எங்கடி படிக்கிறது?" என்று வசுமதி மகளிடம் கேட்டாள். "படிக்கவே முடியலம்மா" என்றாள் நித்திலா. "இதுவரைக்கும் கணுக்கால்லதான் நிக்கறேன். பரீட்சைக்கு இடுப்பு வரைக்குமாவது போகணும்."

தணிகாசலம் மறுநாள் மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சில உறைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போனார். தலைமை அலுவலர் செண்பகவல்லி உறைகளைத் திருப்பிப் பார்த்து, பச்சைக் கையெழுத்தை விரலால் தடவினார்.

"இதுல என்ன சார் குறை?"

"எல்லாம் ஒரே சாயங்காலமா இருக்குங்க."

"நீங்க ஒண்ணைத்தானே நகல் எடுத்தீங்க?"

"ரொம்பச் சத்தமா இருக்கு மேடம். பொண்ணு படிக்க முடியல. கட்டுனப்ப இவ்வளவு சத்தம் இருந்திருக்காது."

"வட்டி சேர்ந்திருக்குல்ல" என்றார் செண்பகவல்லி. சாயங்காலத்துக்கு வட்டி என்றால் சாயங்காலத்தில் உள்ள எல்லாவற்றுக்கும்தான் வட்டி. வெயில் வளர்ந்திருக்கும், நேரம் வளர்ந்திருக்கும், சண்டையும் வளர்ந்திருக்கும். சண்டையை மட்டும் அசலாகவே வைத்திருக்கத் துறைக்கு அதிகாரம் கிடையாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சிலருக்கு இன்னும் மோசம். கடைசி நிமிஷத்தில் மை கசிந்த இயந்திரத்தில் நகலெடுத்தவர்களின் பிள்ளைகள் ஏறக்குறைய இருட்டில் படிக்கிறார்கள். அவர்கள் யாரும் வந்து குறை சொல்லவில்லை.

"வேற சாயங்காலம் மாத்தித் தர முடியாதுங்களா?"

"கொடுத்ததைத்தான் கொடுப்போம். வேணும்னா ஒண்ணு செய்யலாம். காப்பாளர்ங்கற முறையில நீங்களும் பாப்பாவோட உள்ள போகலாம். போய்ச் சண்டையைச் சமாதானம் பண்ணுங்க. ஆனா எதையும் கலைச்சிடாதீங்க சார். வரிசையில உங்க இடம் போச்சுன்னா டெபாசிட்டும் போச்சு. மொத்த உறையும் வெறும் உறையாயிடும்."

தணிகாசலம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மணி நாலரை ஆகியிருந்தது. சிமிட்டினார்.

கை கழுவியதும் நேரே பின்னறைக்குப் போனார். நித்திலா அவருக்காகக் காத்திருந்து உறையைக் கிழித்தாள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்து அவர் கன்னத்தில் பட்டது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"என்னம்மா, விடிஞ்சிடுச்சா?"

"சாயங்காலம்ப்பா."

வெயில் இப்படிச் சாய்ந்து, மஞ்சளாக, யாரையும் அவசரப்படுத்தாமல் விழும் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருந்து மறந்துபோன விஷயம் போலிருந்தது. வேப்பமரத்தடியில் ஒருவர் சுண்டல் விற்றார். தணிகாசலம் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தார். நித்திலா கோந்து டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் போங்கப்பா, அந்த ஆள் வந்துடுவார்" என்றாள். அவர் வரிசையில் தன் பின்னால், அதாவது இளைய தணிகாசலத்தின் பின்னால், போய் நின்றார்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "நீங்கதான் கடைசியா சார்?"

பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இருந்தாலும் தணிகாசலம், "அப்படித்தான் நினைக்கறேன்" என்றார்.

"நீங்களும் குழந்தை பேர்லயா?"

"போட்டாச்சுங்க. இப்ப துணைக்கு வந்தேன். அதோ, என் பொண்ணு. பரீட்சைக்குப் படிக்கறா."

இளையவர் எட்டிப் பார்த்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு மாதிரி இருக்கு. எனக்கும் ஒண்ணு இருக்கு, நாலு வயசு. சாயங்காலமானா என்ன பண்ணும்னே தெரியாது சார். அவங்கம்மா சொல்லித்தான் தெரியும். ஓட்டுல வந்து உக்கார்ற ஒரு காக்காவுக்குப் பேர் வச்சிருக்காம்."

"என்ன பேர்?"

"அதைத்தான் கேக்கணும்." இளையவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வரிசை நகர்வதாக இல்லை. அவர் கையிலிருந்த நகல்களைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், வீடு பக்கத்துலதான். என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றார்.

தணிகாசலம் மிகவும் குழம்பினார். இவர் நின்றால் சண்டை வரும், மகள் தேறமாட்டாள். இவர் போய்த் திரும்பாவிட்டால் இடம் போகும். உறைகள் வெறும் உறைகளாகும். அப்போதும் மகள் தேறமாட்டாள். செண்பகவல்லி எதையும் கலைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊர் வரிசையில் கிடையாது. மேலும், இடம் தணிகாசலத்துடையது, நிற்கப்போவதும் தணிகாசலம்தான்.

"போய்ட்டு வாங்க" என்றார். இளையவர் நகல் கத்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் பிரசவத்துக்குப் போகிறவர் மாதிரி ஓடினார்.

சற்று நேரத்தில் சஃபாரிக்காரர் வந்தார். வட்டி சேர்ந்ததில் அவர் கதவு உயரத்துக்கு இருந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழக்கமான இடத்தில், தணிகாசலத்துக்கு முன்னால் நுழைந்தார். நுழைந்து, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தணிகாசலம் அரையடி பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தார். சஃபாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சார், ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லிட்டேன்னு சொல்றாங்க" என்றார் தணிகாசலம்.

அதன் பிறகு அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நித்திலா கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறினாள், முழங்காலிலிருந்து இடுப்புக்கு. பொழுது நிறையவே இருந்தது. அதற்கும் வட்டி சேர்ந்திருந்தது. கைப் பகுதிக்கு வந்ததும் புத்தகத்தோடு எழுந்து வரிசைக்கு வந்தாள்.

"அப்பா, கையைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, அதிலுள்ள சிறு எலும்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓடம் மாதிரி ஒன்று, பிறை மாதிரி ஒன்று, பட்டாணி மாதிரி ஒன்று. தன் மணிக்கட்டுக்குள் இத்தனை இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவளுடைய கை சூடாக இருந்தது. இதைத்தான் மற்றவர்கள் சாயங்காலம் என்கிறார்களா, அல்லது இது அதற்குள் இருக்கும் வேறு ஏதாவதா என்று அவரால் நிச்சயிக்க முடியவில்லை. "வலிக்குதாப்பா?" என்று அவள் கேட்டாள். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

இளையவர் திரும்பி வரவில்லை. வரிசை நகர்ந்து தணிகாசலத்தின் முறை வந்தது. கம்பிக்குப் பின்னாலிருந்தவர் தலையைத் தூக்காமல், "தணிகாசலமா?" என்றார். "ஆமாங்க." முத்திரை விழுந்தது. சாயங்காலம் மடங்கியது.

பின்னறையில் பீரோ பழைய இடத்தில் இருந்தது. கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. இளைய தணிகாசலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே வசுமதி டவராவோடு நின்றாள்.

"கதவைத் தட்டினார். உள்ள வரச் சொன்னேன்" என்றாள் வசுமதி. "உங்களுக்கு இப்படி முடி இருந்ததுங்கறதே மறந்துபோச்சு."

"பாப்பா எங்க?" என்றார் இளையவர்.

"நான்தான்" என்றாள் நித்திலா.

அவர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நான் வர்றதுக்குள்ள இவ்வளவு வளர்ந்துட்டியா?"

"க்யூல இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி" என்றார் தணிகாசலம்.

இளையவர் தலையசைத்தார். "அந்தக் காக்காவுக்கு என்னம்மா பேர் வச்சே?" எந்தக் காக்கா என்று நித்திலாவுக்கு நினைவு வரவில்லை. "வைக்கணும்" என்றாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது. சாயங்காலம் மடங்கிவிட்டதால் அவர் திரும்பிப் போவதற்கு வழியில்லை. வசுமதி கூடத்தில் பாய் விரித்தாள்.

மறுநாள் அடுத்த உறையில், இடத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிப் பார்க்கத் தணிகாசலம் தீர்மானித்திருந்தார். ஆனால் அந்த இளையவரும் காக்காவைப் பற்றிச் சொன்னார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ட்டு வாங்க என்றார். நித்திலா தோள்பட்டையை முடித்தாள். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உறை ஒன்றுக்கு ஒருவராக வந்தார்கள். மீசை உள்ளவர்கள், இல்லாதவர்கள், முன்னந்தலை ஏறத் தொடங்கியவர்கள். பிந்திய நகல்களிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தார்கள். ஜெராக்ஸ் கண்ணாடியில் தூசி இருந்த வருஷத்துக்காரர்களுக்கு நெற்றியிலிருந்து முகவாய் வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. எவ்வளவு தேய்த்துக் குளித்தும் போகவில்லை. எல்லோரும் நல்லவர்கள். ஒருவரை ஒருவர் சார் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். செய்தித்தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலமானால் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, பேருந்துச் சத்தம் கேட்கிறதா என்று தெருவைப் பார்த்தார்கள். வசுமதி அரிசியை அண்டாவில் ஊறப்போட ஆரம்பித்தாள்.

மூத்த தணிகாசலத்துக்கு மட்டும் பிடித்தம் தொடர்ந்தது. நாலரைக்குச் சிமிட்டுவார். கை கழுவும்போது பக்கத்தில் யாராவது ஒருவர் துண்டோடு நின்று, "இன்னைக்குச் சாயங்காலம் நல்லா இருந்துச்சு சார். உங்க வீட்டம்மா பாட்டுக்கூடப் பாடினாங்க" என்று சொல்வார். "என்ன பாட்டு?" என்று தணிகாசலம் கேட்பார். அவர்கள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்வார்கள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

நித்திலா தேறினாள். உடற்கூறியலில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள்; மணிக்கட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. செய்தி வந்த அன்று கூடத்திலிருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் இனிப்பு வாங்கப் போனார். யார் போனது என்று யாருக்கும் தெரியாததால், இனிப்பு வந்ததும் நித்திலா எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

அடுத்த வாரம் வருமான வரி ஆய்வாளர் வந்தார். ஒரே பெயரில் பலர் குடியிருப்பதாகத் தெரிகிறது, ஒரு சம்பளம் ஒருவருக்குத்தான், வரி கட்டப்போகும் தணிகாசலம் யார் என்று முடிவு செய்து சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் தயாராக இருந்தார்கள். மூத்தவர் தான் பழகிவிட்டதாகச் சொன்னார். இளையவர்கள் தங்களுக்கு இன்னும் பணிக்காலம் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டுக்காரர்கள் தங்களை அடையாளம் காண்பது எளிது என்றார்கள். பேச்சு முடிவுக்கு வராததால் திருவுளச்சீட்டு போடலாம் என்றாள் வசுமதி. அவளே சீட்டுகளை எழுதி, சுருட்டி, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டாள். நித்திலா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"வசுமதின்னு இருக்கு" என்றாள்.

"எம்பேரையும் ஒண்ணு எழுதிப் போட்டேன். சும்மாதான்" என்றாள் வசுமதி.

ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வசுமதி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேளாண் விற்பனைக் கூடத்துக்குப் போனாள். தணிகாசலம் சார் என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தாள். கடலை மூட்டைகளின் எடை சரியாக இல்லையென்று முதல் நாளே கண்டுபிடித்தாள். நாலரை மணிக்குச் சிமிட்டினாள். திறந்தபோது தோசை சாப்பிட்டாகியிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவள் சிமிட்டிய இடைவெளியில் வீட்டில் தணிகாசலங்கள் மாவுக் கரண்டியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவரும் அவர்களில் ஒருவராக நின்றார். சாயங்காலம் முழுக்க இருந்தது. அதில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கும், வசுமதி இல்லாமல், புரியவில்லை.

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள்.

"சாயங்காலத்தையெல்லாம் அப்படியே வரிக்கு விடறீங்களா, இல்ல யார் பேர்லயாவது படிப்புக்குச் சேர்க்கறீங்களா?"

"சேர்க்கறேன்" என்றாள் வசுமதி. "மார்ச் வரைக்கும் இழுக்க வேணாம். இப்பலேருந்தே வாரா வாரம் எடுத்துக்குங்க."

"யார் பேர்ல?"

"தணிகாசலம்."

"எத்தனை பேர்? ரெண்டு பிள்ளைக்கு மேல சலுகை கிடையாது."

"ஆளு ஒண்ணுதான்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். "என்ன வகுப்பு?"

"ஒண்ணாவதுலேருந்தே ஆரம்பிக்கட்டும்" என்றாள்.

ஜூன் மாதம் சீருடைத் துணி எடுக்கத் தணிகாசலங்கள் எல்லோருமாகக் கடைக்குப் போனார்கள். மொத்தமாக எடுத்ததால் கடைக்காரர் தையல் கூலியைக் குறைத்துக்கொண்டார்.